ரீமேப் இருக்கட்டும், முதலில் பிரேக்கைப் பாருங்கள்

கேள்வி இதுதான். பாளையங்கோட்டையில் ஒரு தம்பி இரண்டு வருடமாக பி.எம்.டபிள்யூ எம்340ஐ வைத்திருக்கிறார். வண்டி 22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அடுத்த மாதம் கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் டிராக் டேவுக்கு, அதாவது சொந்த வண்டியை ரேஸ் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பெயர் கொடுத்துவிட்டார். செலவுக்கு இரண்டு லட்சம் ஒதுக்கியிருக்கிறார். சேக்காளிகள் ஈசியூ ரீமேப் செய் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டுவது), எக்ஸாஸ்ட் மாற்று, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாகப் போடு என்கிறார்களாம். "அண்ணாச்சி, எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்கிறார்.

தம்பி, ரீமேப்பை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ. 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட நாலரை விநாடிகூட ஆகாது. கரி தடத்தின் மொத்த நீளமே 2.1 கிலோமீட்டர். அங்கே பவர் பத்தவில்லை என்று உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோன்றாது. ஐந்தாவது சுற்றில் தோன்றப் போவது வேறு: "என்ன இது, நிற்க மாட்டேங்குதே!"

ஆனித் தேரோட்டத்தில் ரத வீதியில் நின்றிருப்பீர்கள். நெல்லையப்பர் தேரை இழுக்க ஊரே கூடும். அதை நிறுத்துவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சில பேர். சக்கரம் ஏறிக் கட்டை நசுங்கி, தேய்ந்து, சூடேறி ஒரு வாசனை வரும். டிராக்கில் உங்கள் முன்சக்கரங்களில் நடக்கப் போவதும் அதுதான், ஒரு சுற்றுக்கு நாலைந்து தடவை.

கணக்காகவே பார்ப்போம். வண்டி ஒன்றே முக்கால் டன். உங்களையும் சேர்த்தால் 1,830 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஒரு வளைவுக்காக 80-க்குக் குறைக்கிறீர்கள். அந்த நாலு விநாடியில் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 13.5 லட்சம் ஜூல். நாலரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. அடுத்த வளைவில் இன்னொரு பானை, அதற்கடுத்ததில் இன்னொன்று. இடையில் ஆறுவதற்குச் சில விநாடிகள்தான். நான்குவழிச் சாலையில் கயத்தாறு தாண்டி ஒரு லாரிக்காகப் பிரேக் அடித்தால், அது ஆறுவதற்குக் கோவில்பட்டி வரை நேரம் கிடைக்கும். டிராக்கில் அந்தச் சலுகை கிடையாது. வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீமேப் செய்தால் நேர்ப்பாதையின் முடிவில் இன்னும் பத்து கிலோமீட்டர் கூடுதலாக வருவீர்கள். அந்தப் பத்தையும் இதே பிரேக்தான் தின்ன வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் டிராக் டேவுக்கு முந்தைய வாரம் ஒரு ஒர்க்ஷாப்பில் முழு சர்வீஸ் செய்து, "பிரேக் ஆயில் மாற்றியாச்சு" என்று பில்லும் வாங்கிக்கொண்டு போனேன். நான்காவது சுற்றில் பெடல் சோற்றில் கை வைத்தமாதிரி உள்ளே போய்விட்டது. வேகமாக இரண்டு தடவை மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. மிச்சத்தை ஓரத்து மண் பார்த்துக்கொண்டது. வண்டிக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் முட்டி நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆனது. ஊருக்கு வந்ததும் வண்ணார்பேட்டையில் நமக்குப் பழகின மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது ஆயிலா, கருப்பட்டிக் காப்பியா?" என்று கேட்டார். புது ஆயில் இளமஞ்சளாக, தெளிவாக இருக்கும். அன்றிலிருந்து பில்லை நம்புவதில்லை. நானே கூட நின்று பார்க்கிறேன்.

பிரேக் ஆயில் ஏன் இப்படிச் செய்கிறது? நம் வண்டிகளில் இருக்கும் டாட் 4 ஆயில் கிளைகோல் வகை. அது காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாக ஈரம் ஏறும். புதிதாக இருக்கும்போது டாட் 4-இன் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரி இருந்தாலே போதும் என்று அதே விதி விட்டுக்கொடுக்கிறது. டிராக்கில், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் பல நூறு டிகிரிக்குப் போகும். அந்தச் சூடு, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் வழியாக, பேட்டைத் தள்ளும் பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு இறங்கும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். உங்கள் கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்.

ஆகவே செலவில் முதல் ரூபாய் இங்கே. ரேஸிங் டாட் 4 வாங்குங்கள். மோட்டுல் ஆர்.பி.எஃப் 600-க்குப் புதுக் கொதிநிலை 312 டிகிரி, காஸ்ட்ரால் எஸ்.ஆர்.எஃப்-க்கு 320. எது கிடைக்கிறதோ அது. டாட் 5 என்று எழுதியிருப்பதை மட்டும் தொடாதீர்கள், அது சிலிக்கான். எண் கூடுதலாக இருப்பதால் உயர்ந்தது என்று அர்த்தமில்லை. கம்பெனி உங்கள் வண்டிக்குச் சொல்லும் ஆயில் இளக்கமானது, ஏ.பி.எஸ். வால்வு வேகமாக வேலை செய்வதற்காக. ரேஸிங் ஆயில் குளிரில் சற்றுக் கெட்டிப்படும். பனி பெய்யும் ஊரில் அது யோசிக்க வேண்டிய விஷயம். திருநெல்வேலியில் மார்கழிக்குக்கூட அந்தக் கவலை வேண்டாம். ஆனால் ரேஸிங் ஆயிலை இரண்டு வருடம் விட்டுவைக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை, டிராக்குக்குப் போகும் முன், நாலு சக்கரத்தின் பிரேக்கிலும் பழைய ஆயிலையும் உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்றிப் புதிதாக நிரப்புங்கள். பாதி தீர்ந்த டப்பாவை அடுத்த வருடத்துக்கு என்று அலமாரியில் வைக்காதீர்கள். திறந்த டப்பாவும் ஈரம் குடிக்கும்.

அடுத்தது பேட். பெடல் உள்ளே போனால் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆயில் பிரச்சினைக்குப் பேட் மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டியோடு வரும் பேட், காலையில் குளிரில் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும், சத்தம் போடக் கூடாது, வீலில் கரி படியக் கூடாது என்று செய்யப்பட்டது. டிராக்குக்கான பேட் அதற்கு நேரெதிர். சூடு ஏறினால்தான் கடிக்கும், ஆறியிருந்தால் கீச்சென்று கத்தும், டிஸ்க்கையும் சீக்கிரம் தின்னும். நீங்கள் வண்டியை 350 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய், டிராக்கில் ஓட்டி, அதே வண்டியில் திரும்ப வேண்டும். விடியற்காலையில் பேட் ஆறியிருக்கும்போது குறுக்கே ஒரு மாடு வந்தால் முழு ரேஸிங் பேட் உங்களைக் காப்பாற்றாது. அதனால் சாலைக்கும் டிராக்குக்கும் இடைப்பட்ட ரகம் வாங்குங்கள். முன்பக்கம் மட்டும் மாற்றினால் போதும் என்பார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் பிடிப்பு ஒத்துப்போவது முக்கியம் என்பதால் நான் நாலையும் மாற்றச் சொல்வேன். பின்பக்கம் மாற்றும்போது எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்கை ஸ்கேனர் வைத்து சர்வீஸ் மோடில் போட வேண்டும். ஸ்கேனர் இல்லாத மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப ஆரம்பித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

புதுப் பேட்டைப் போட்டதும் நேராக அழுத்தி ஓட்டக் கூடாது. முதல் செஷனைப் பழக்குவதற்கென்றே ஒதுக்குங்கள். நடுத்தர வேகத்திலிருந்து பாதி அழுத்தம், பிறகு சற்றுக் கூடுதல், பிறகு இன்னும் சற்று; முழுதாக நிறுத்தாமல், கடைசியில் பிரேக்கே தொடாமல் ஒரு சுற்று ஆறவிட்டு உள்ளே வாருங்கள். பேட்டின் மெல்லிய படலம் டிஸ்க் முழுவதும் சமமாகப் படிவதற்கு இந்தப் பாடு.

உள்ளே வந்து நிறுத்தும்போதுதான் பெரும்பாலோர் தப்பு செய்கிறார்கள். டிஸ்க் கொதிக்கிற நிலையில் பார்க்கிங் பிரேக் போட்டால் பேட் ஒரே இடத்தில் ஒட்டித் தடம் பதிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு மிதிக்கும் பெடலும் வண்டியும் நடுங்கும். நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்துவைக்கும் ஆட்டோ ஹோல்டை முதலிலேயே அணைத்துவிடுங்கள். அது போட்டபடி இன்ஜினை அணைத்தால் பார்க்கிங் பிரேக் தானாகவே விழுந்துவிடும். கியரை பி-யில் போட்டு, சக்கரத்தடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். ஆமாம், நம்ம ஊர் முட்டுக்கட்டைதான். நான் வேப்பங்கட்டை இரண்டு வண்டியிலேயே வைத்திருக்கிறேன். பத்து நிமிடம் கழித்து வண்டியை அரை அடி நகர்த்தி வைத்தால் இன்னும் நல்லது.

சரி, டயர். இருக்கும் டயரில் பள்ளம் நன்றாக இருந்தால் முதல் தடவைக்கு அதுவே போதும். 2020-இல் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து டிராக்குக்கென்றே செய்த மென்மையான டயர் நம் அளவில் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பது என் கட்சி. நல்ல சாலை டயர் எல்லையைத் தாண்டும் முன் கிரீச்சிட்டுச் சொல்லும். ஒட்டுப் பசை மாதிரிப் பிடிக்கும் டயர் கடைசிவரை சொல்லாமல் இருந்து ஒரேயடியாக விடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நாலையும் ஒரே ரகமாக, ஒன்றாக மாற்றுங்கள். உங்களுடையது நாலு சக்கரமும் இழுக்கும் எக்ஸ்டிரைவ் வண்டி. முன்னும் பின்னும் சுற்றளவு ஒத்துப்போகாவிட்டால், பவரை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தேவையில்லாத வேலை.

டயரைவிடக் காற்றில்தான் விஷயம் இருக்கிறது. காலையில் 27 டிகிரியில் 31 பி.எஸ்.ஐ. அடித்த காற்று, டயருக்குள் 70 டிகிரி ஆனதும் 37-ஐத் தாண்டிவிடும். டயர் நடுவில் உப்பி, பிடிப்பு குறையும். ஆகவே டிராக்கில் குளிர்ந்த அளவைப் பேசாதீர்கள், சூட்டு அளவைப் பேசுங்கள். செஷன் முடிந்து உள்ளே வந்த உடனே, டயர் ஆறும் முன், அளந்து பாருங்கள். உங்கள் வண்டிக்கு நாலிலும் 35, 36 என்று தொடங்குங்கள். டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டினால், கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் சாய்கிறது என்று தெரியும். பக்கச்சுவரில் எழுத்துவரை அழிந்திருந்தால் காற்று குறைவு. தோள்பட்டை தரையையே தொடவில்லை என்றால் காற்று கூடுதல். கையில் ஒரு நல்ல கேஜும் சின்ன கம்ப்ரஸரும் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் கேஜை நம்பி இந்த வேலை நடக்காது.

முன்டயரின் வெளி ஓரம் மட்டும் கரடு முரடாகத் தேய்ந்து வருவதைப் பார்ப்பீர்கள். கனமான மூக்கு, சாலைக்காக அமைத்த கேம்பர் (சக்கரம் உள்பக்கம் சாயும் கோணம்), இரண்டும் சேர்ந்தால் அப்படித்தான். கேம்பர் பிளேட் போட்டு மைனஸ் 2 டிகிரிக்குக் கொண்டுவந்தால் பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் அது மூன்றாவது, நாலாவது டிராக் டேக்குப் பிறகு யோசிக்க வேண்டியது. தாழ்த்துகிற ஸ்பிரிங்கும் அப்படியே. நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீல் போல்ட் 140 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் கொண்டு போங்கள். காலையிலும் மதியமும் ஒரு தடவை பாருங்கள்.

இன்ஜினுக்குச் செய்ய வேண்டியது குறைவுதான். ஆயில் மாற்றி எட்டாயிரம் கிலோமீட்டர் ஆகியிருந்தால் புதிதாக மாற்றிவிட்டுப் போங்கள். கம்பெனி சொல்லும் இடைவெளி சாலைக்கானது. இந்த வண்டியில் ஆயில் அளவைத் திரையிலேயே பார்க்கலாம். அதைச் சமதரையில், இன்ஜின் சூடான நிலையில் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் பூச்சியும் கரிசல் காட்டுத் தூசியும் அடைந்திருக்கும். மெதுவான தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், பிரஷர் வாஷ் அடித்தால் தகடு மடங்கும். பெட்ரோல் 95 ஆக்டேன் போதும். டேங்க் கால்வாசிக்குக் கீழே போக விடாதீர்கள், நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் திணறலாம். ஓடும்போது ஆயில் சூட்டில் ஒரு கண் இருக்கட்டும். 130 டிகிரியை நெருங்கினால் ஒரு சுற்று நிதானமாக ஓட்டுங்கள். வெயிலில் டர்போ இன்ஜின் மதியத்துக்கு மேல் கொஞ்சம் மந்தமாகும், அது கோளாறு இல்லை.

வண்டிக்குள் இருப்பதையெல்லாம் வெளியே எடுங்கள். டேஷ்போர்டு பிள்ளையார், தண்ணீர் பாட்டில், சில்லறை, டிரைவர் பக்கத்து மேட், கோவை சொந்தக்காரர்களுக்கு வாங்கிப்போன அல்வா, எல்லாமே. பம்பரில் கட்டிய எலுமிச்சம்பழத்தையும் கறுப்புக் கயிற்றையும்கூட. அது தடத்தில் விழுந்தால் பின்னால் வருகிறவருக்கு வழுக்கும். இழுவைக் கொக்கியை டிக்கியிலிருந்து எடுத்து முன்னாலேயே மாட்டிவிடுங்கள். மண்ணில் இறங்கியபின் தேட முடியாது. முழு முகம் மூடும் ஹெல்மெட், பருத்தி முழுக்கைச் சட்டை, மெல்லிய அடி கொண்ட ஷூ. பாலியஸ்டர் வேண்டாம், சூட்டில் உருகித் தோலில் ஒட்டும்.

ஓட்டுவது பற்றி ஒரே ஒரு விஷயம். வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் டி.எஸ்.சி.யை முழுதாக அணைக்காதீர்கள். ஆனால் அதன் விளக்கு அடிக்கடி மினுக்குகிறது என்றால் உங்களைக் காப்பாற்ற அது தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் அடிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். முன்பேட்டுக்கு முன்னால் பின்பேட் தீர்ந்துபோவதற்கு இது ஒரு காரணம். விளக்கு மினுக்காமல் ஓட்டுவதையே முதல் நாள் இலக்காக வையுங்கள். பிரேக்கை நேராகப் போகும்போது, பலமாக, சுருக்கமாக மிதியுங்கள். மலைப்பாதையில் இறங்குகிறமாதிரி நீண்ட நேரம் தடவிக்கொண்டே போனால்தான் சூடு ஏறும். ஐந்தாறு சுற்று ஓட்டியதும், ஆசை இருந்தாலும், ஒரு சுற்று ஆறவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். பயிற்சியாளர் கிடைத்தால் ரீமேப்புக்கு வைத்த காசில் ஒரு பகுதியை அவருக்குக் கொடுங்கள். இந்தத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவர்தன், மாருதி இன்ஜின் போட்ட சின்ன ரேஸ் கார்களைக் கட்டித்தான் ஒரு தலைமுறையை ஓட்ட வைத்தார். குதிரைத்திறன் கொஞ்சம்தான், ஆனால் அதில் பழகியவர்கள் வளைவை எப்படி எடுப்பது என்று கற்றுக்கொண்டார்கள். பிறகு வேண்டுமானால் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது, 3.717 கிலோமீட்டர். அங்கே வேகமும் கூடுதல், பிரேக்குக்கு வேலையும் கூடுதல்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படியுங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்கு மோட்டார் பாலிசி பொருந்தாது என்று இருக்கும். தடத்தோரம் டயர்களை அடுக்கிய சுவரில் வண்டி மோதினால் செலவு உங்கள் பையிலிருந்துதான். பம்பர், ஹெட்லைட் விலையை விசாரித்துவிட்டு அப்புறம் எவ்வளவு அழுத்துவது என்று முடிவு செய்யுங்கள். நான்குவழிச் சாலையில் "பிராக்டிஸ்" என்று இறங்கிவிடாதீர்கள். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. அது கிடக்கட்டும், அந்தச் சாலையில் எதிர்த்திசையில் வரும் டூ வீலரை உங்கள் எந்தப் பேட்டும் நிறுத்தித் தராது.

முந்தைய நாள் காலையிலேயே கிளம்புங்கள். மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் என்று நிதானமாகப் போய் கோவையில் தூங்குங்கள். டிராக் முடிந்த அன்றே திரும்பி ஓட்டுவது வேண்டாம். பகலெல்லாம் உங்கள் மூளை 150-ஐ மெதுவான வேகம் என்று பழகியிருக்கும். கிளம்பும் முன், டயரில் பகல் முழுக்க இறக்கிய காற்றை மறுபடி ஏற்றுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம். ஆறிய டயரில் 28, 29 தான் இருக்கும், லக்கேஜோடு நெடுஞ்சாலையில் அது ஆபத்து. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பேட் கனத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பேட்டைத் தூக்கிப் போடாமல் டிக்கியிலேயே வைத்திருங்கள். புதியது தீர்ந்துவிட்டால் ஊர் வந்துசேர அது உதவும்.

இதையெல்லாம் செய்த பிறகும் இரண்டு லட்சத்தில் நல்ல தொகை மிஞ்சும். அதைத் தொடாதீர்கள். மூன்றாவது டிராக் டேவில் டிஸ்க்குக்குத் தேவைப்படும்.